சமையலறைக் கதவுக்கு மேல் ஒரு சிவப்பு விளக்கு

அன்புள்ள லைட்டு,

உன் கடிதம் வந்து இருபது நாள் ஆகிறது. முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். இறங்குவதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முழங்கால் இறங்கும்போதுதான் வலிக்கும் என்று எனக்கும் தெரியும், ஆகவே அடுத்த கடிதத்தில் மறைக்காமல் எழுது.

என் பக்கத்துச் செய்தி: காதுக்குக் கருவி மாட்டிக்கொண்டேன். இரண்டு காதுக்கும். ப்ராம்ப்டராக மேடை ஓரத்தில் நின்று, மறந்த வசனத்தை ஊருக்கெல்லாம் கிசுகிசுத்தவனுக்குக் கடைசியில் எவனாவது கிசுகிசுத்தால் கேட்காது என்று கல்லூரியில் சொல்வாயே, பலித்துவிட்டது. வாயைக் கழுவு.

இப்போது எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. போன சனிக்கிழமை ராத்திரி நானும் வீட்டுக்காரியும் ஒரு நாடகத்துக்குப் போனோம். சாப்பாட்டோடு சேர்ந்த நாடகம். அதாவது மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பது. நீ முகத்தைச் சுளிப்பது இங்கேயே தெரிகிறது. கடைசி வருஷ நாடகத்தில் முன்வரிசையில் ஒருவர் பொட்டலம் பிரித்துக் கொறித்துக்கொண்டிருந்தார் என்று மேடை விளக்கை அணைத்துவிட்டு, இருந்த ஒரே ஸ்பாட் லைட்டை அவர் முகத்தில் அடித்து, அவர் மடித்து வைக்கும்வரை எடுக்காமல் நின்றவன் நீ. அவர்தான் அன்றைய சிறப்பு விருந்தினர் என்பது அப்புறம்தான் தெரிந்தது. பரிசு நமக்கு ஏன் கிடைக்கவில்லை என்று இன்றுவரை நீ நடுவர்களைத் திட்டிக்கொண்டிருக்கிறாய்.

எங்கள் முப்பதாவது திருமண நாள். மகள் டிக்கெட் வாங்கிக் கொடுத்தாள், அதுவும் கடைசி நேரத்தில். அதனால் கிடைத்த மேஜை சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில். தள்ளினால் இருபக்கமும் ஆடும் கதவு, நடுவில் சின்னக் கண்ணாடி. திறக்கும்போதெல்லாம் சூடும் வாசனையும் பாத்திரச் சத்தமும் முதுகில் அடிக்கும். வீட்டுக்காரி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் சொன்னது.

கூடத்தில் வட்ட மேஜைகள், நூற்றிருபது பேர் இருப்போம். ஒரு பக்கம் முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடை, அவ்வளவுதான். நடிகர்கள் பாதி நேரம் மேஜைகளுக்கு நடுவில்தான் நடமாடினார்கள். கதை, ஒரு பணக்காரரின் உயில் வாசிப்பு. வக்கீல், விதவை, தம்பி, டாக்டர், அப்புறம் இன்ஸ்பெக்டர். டிக்கெட் வாங்கிய நாம் எல்லாரும் உயிலில் பங்கு இருக்குமா என்று பார்க்க வந்த தூரத்து உறவினர்கள். கூடி உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வேஷம் யாரும் கொடுக்க முடியாது.

முதலில் சூப். நூற்றிருபது கரண்டி ஒரே நேரத்தில் கிண்ணத்தில் இடித்தால் என்ன ஆகும் என்று நல்ல காது உள்ளவனுக்குத் தெரியாது. கருவிக்கு வசனமும் ஒன்றுதான், கரண்டியும் ஒன்றுதான். வக்கீல் வாயை அசைக்கிறார், எனக்குக் கேட்பது பீங்கான் மட்டும். நீ சொன்னது சரி, சாப்பாடும் நாடகமும் சேரவே சேராது, நாளைக்கே அவனுக்கு எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். அப்போதுதான் கதவுக்கு மேலே அதைப் பார்த்தேன்.

ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. குண்டுமணி அளவு. சாப்பிடுகிறவர்கள் யாரும் அந்தப் பக்கம் பார்க்கமாட்டார்கள், என்னைப்போல் மூலையில் தள்ளப்பட்டவனைத் தவிர. அது எரிந்தால் பரிமாறுகிறவர்கள் யாரும் வெளியே வருவதில்லை. கண்ணாடி வழியாகத் தெரிகிறது: ஆறேழு பேர், ஆளுக்கு மூன்று தட்டு, வரிசையாக நிற்கிறார்கள். அணைந்ததும் கதவு திறக்கிறது, தண்ணீர் திறந்துவிட்டது போல் வருகிறார்கள். யாரும் ஓடவில்லை. தூர மேஜைக்குப் போகிறவர் முதலில், பக்கத்து மேஜைக்காரர் கடைசியில். எல்லாத் தட்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் மேஜையைத் தொடும்படி அந்த வரிசை. நாம் மேடையில் குறிப்பு விளக்கு வைத்தோமே, சிவப்பு என்றால் தயாராக இரு, பச்சை என்றால் போ என்று. அதே சங்கதி, சமையல்காரர்களுக்கு!

அதற்குமேல் நான் நாடகத்தைப் பார்க்கவில்லை, விளக்கைத்தான் பார்த்தேன். எங்கே எரிகிறது, எங்கே அணைகிறது என்று கவனித்தால் நாடகம் எழுதியவனின் கணக்கு முழுவதும் வெளியே வந்துவிடுகிறது. விஷம் வைத்த காட்சிக்கு நான்கு நிமிஷம் சிவப்பு. தம்பி குடித்துவிட்டு உளறும் காட்சிக்கு அணைந்துவிட்டது. அது சிரிப்புக் காட்சி, பாதி கேட்காவிட்டாலும் நஷ்டமில்லை, தட்டு வரட்டும். முக்கியமான துப்பு எதுவும் ஒருமுறை மட்டும் சொல்லப்படவில்லை, மூன்று முறை வந்தது. முதலில் வக்கீல் சொல்வார், அப்புறம் விதவை மறுப்பார், கடைசியில் இன்ஸ்பெக்டர் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துத் திரும்பப் படிப்பார். மென்றுகொண்டிருக்கும் ஆளுக்குக் காது பாதிதான் வேலை செய்யும் என்று தெரிந்தே எழுதியிருக்கிறார்கள். படித்துப் பார்த்தால் மோசமான வசனமாக இருக்கும். அந்தக் கூடத்தில் அதைவிட நல்ல வசனம் எடுபட்டிருக்காது.

சாப்பாட்டையும் அப்படித்தான் யோசித்திருந்தார்கள். கத்தியால் அறுக்க வேண்டியது ஒன்றும் இல்லை. எல்லாம் வெகுநேரம் வெந்து மெத்தென்று ஆனவை, கரண்டி பட்டால் போதும். அப்படிப்பட்ட பதார்த்தம் கொஞ்சம் காத்திருந்தாலும் கெடாது, காட்சி நீண்டுபோனாலும் சமையல்காரர் தலையில் அடித்துக்கொள்ள வேண்டாம். ருசி? பரவாயில்லை. நூற்றிருபது பேருக்கு ஒரே நிமிஷத்தில் போகும் சாப்பாட்டில் பரவாயில்லை என்பதே பெரிய வார்த்தை.

வீட்டுக்கு வந்தும் விடவில்லை, இரண்டு நாள் படித்துக்கொண்டே இருந்தேன். 1454-ல் பர்கண்டி கோமகன் ஃபிலிப், லீல் நகரத்தில் ஒரு விருந்து வைத்தான். முந்தைய வருஷம் கான்ஸ்டாண்டிநோபிள் விழுந்துவிட்டது, அதை மீட்கச் சிலுவைப் போருக்குப் பிரபுக்களைச் சபதம் செய்யவைக்க வேண்டும், அதற்காக. மேஜைமேல் ஒரு பெரிய பை, நம்ம பை இல்லை, மாவு மேலோடு வைத்துச் சுடுகிற பதார்த்தம். அதற்குள் இருபத்தெட்டு பேர் உட்கார்ந்து வாத்தியம் வாசித்தார்களாம். சபதம் தடபுடலாக நடந்தது, சிலுவைப் போர் நடக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுச் செய்யும் சபதம் எப்போதும் அப்படித்தான். அந்தமாதிரி இடைநிகழ்ச்சிக்குப் பிரெஞ்சில் 'ஆந்த்ரெமே' என்று பெயர், 'பதார்த்தங்களுக்கு நடுவில்' என்று பொருள். நிகழ்ச்சி போய்விட்டது, பெயர் மட்டும் தங்கி இப்போது ஓர் இனிப்புப் பதார்த்தத்தைக் குறிக்கிறது. நாம் போட்ட கூத்தையெல்லாம் பேராசிரியர் 'ஃபார்ஸ்' என்று சொல்லித் திட்டுவாரே, அந்தச் சொல்லும் சமையலறையிலிருந்து போனதுதான். உள்ளே வைத்துத் திணிக்கும் பூரணம் என்று அர்த்தம். பக்தி நாடகங்களுக்கு நடுவில் திணித்த கோமாளித்தனத்துக்கு அந்தப் பெயர் வந்தது. நமக்கு மட்டும் என்ன, நாக்குக்கும் சுவை, நாடகத்துக்கும் சுவை, சொல் ஒன்றுதானே.

அமெரிக்காவில் இதை ஒரு தொழிலாகவே நடத்தியிருக்கிறார்கள். 1953-ல் வர்ஜீனியாவில் ஹனோவர் டேவர்ன் என்ற பழைய விடுதியில் பார்க்ஸ்டேல் என்ற குழு ஆரம்பித்ததுதான் அங்கே முதலாவது என்கிறார்கள். வட கரோலினாவில் கிரீன்ஸ்பரோ ஊரில் 1964-லிருந்து ஒன்று நடக்கிறது. கூடத்தின் நடுவில் சாப்பாடு வைத்திருப்பார்கள், எல்லாரும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்ததும் அதை அப்புறப்படுத்திவிட்டு மேலே கூரையிலிருந்து மேடையை இறக்குவார்கள். மேடை இறங்குகிறது, லைட்டு! நீ இருந்திருந்தால் சாப்பிடாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட இடங்களில் நடிகர்களே பரிமாறுவதும் உண்டு. அப்புறம் 1983-ல் ஃபுளோரிடாவில் தொடங்கிய மெடிவல் டைம்ஸ் இருக்கிறது. குதிரைவீரர்கள் ஈட்டி எடுத்து மோதுவார்கள், பார்ப்பவர்களுக்குக் கத்தி, முள்கரண்டி எதுவும் தரமாட்டார்கள், கையால்தான் சாப்பிட வேண்டும். இடைக்காலத்து வழக்கம் என்று காரணம் சொல்கிறார்கள். என் காதைக் கேட்டால் வேறு காரணம் சொல்லும்.

இந்தச் சத்தம் இருக்கிறதே, இதை இசைக்காரர்கள் இரண்டுவிதமாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சார்லஸ் மிங்கஸ் 1960-ல் ஒரு ஜாஸ் பதிவு செய்தார். ஸ்டூடியோவில்தான், எதிரே ஒரு ஆள் கிடையாது. இருந்தும் கிளப்பில் வாசிப்பது போலவே பேசி, டம்ளரில் ஐஸ் கட்டியை ஆட்டாதீர்கள், கல்லாப்பெட்டி மணி அடிக்கக் கூடாது என்று இல்லாத கூட்டத்தைக் கண்டித்துவிட்டு வாசிக்க ஆரம்பிக்கிறார். நீயேதான். அடுத்த வருஷம் ஜூன் 25-ல் பில் எவன்ஸ் நியூயார்க்கில் வில்லேஜ் வான்கார்ட் கிளப்பில் வாசித்ததைப் பதிவு செய்தார்கள். அதில் பியானோவுக்குப் பின்னால் டம்ளர்கள் மோதுவதும் ஆட்கள் பேசுவதும் அப்படியே இருக்கின்றன. கூட பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் வாசித்த ஸ்காட் லஃபாரோ அதற்குப் பதினோராம் நாள் கார் விபத்தில் இறந்துபோனார். எவன்ஸ் பதிவைக் கருவி போட்டுக்கொண்டு மறுபடி கேட்டேன். டம்ளர் சத்தம் இல்லாமல் அதைக் கேட்க எனக்கு இப்போது மனசு வராது. நீ ஒத்துக்கொள்ளமாட்டாய், பரவாயில்லை.

சனிக்கிழமைக்கு வருகிறேன். உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியதே இதனால்தான்.

இரண்டாம் பாதி. சிவப்பு விளக்கு எரிகிறது. விதவையாக நடித்த பெண் எங்கள் மேஜைப் பக்கம் வந்து நின்று பேசுகிறாள். கணவனின் கடைசி ராத்திரியைச் சொல்கிறாள். "அப்போது அவர் என்னைப் பார்த்து..." என்றாள். நின்றுவிட்டாள்.

நடிப்பில் வரும் மௌனம் வேறு, வசனம் மறந்த மௌனம் வேறு. ஊரில் எவனுக்கும் தெரியாமல் போகலாம், ப்ராம்ப்டருக்குத் தெரியும். கண் ஒரு இடத்தில் நிற்காது, உள்பக்கம் எதையோ தேடும். எனக்குத் தொண்டை வரை வந்துவிட்டது, லைட்டு. வசனம் தெரியாது, நாடகம் தெரியாது, நாற்பது வருஷம் ஆயிற்று, ஆனாலும் வாய் திறந்துவிட்டது. வீட்டுக்காரி என் முழங்கையைப் பிடித்தாள்.

அந்தப் பெண் குனிந்தாள். எங்கள் மேஜையில் கூடையில் கடைசியாகக் கிடந்த ரொட்டித் துண்டை எடுத்தாள். பார்த்தாள். ஒரு ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டு மெல்ல மென்றாள். கூடத்தில் ஒரு கரண்டி அசையவில்லை. அத்தனை பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழுங்கினாள். "...'நீ சாப்பிட்டாயா' என்று கேட்டார்," என்றாள்.

அது எழுதிவைத்த வசனமா, அந்த நிமிஷத்தில் வந்ததா? பின்னால் இருந்த ஒரு பெண்மணி மூக்கை உறிஞ்சினார். என் கருவியில் அதுவும் கேட்டது. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், வேறு ஒன்றும் கேட்காதே.

நாடகம் என்று பார்த்தால் சுமார்தான். கொலையாளியை நான் சூப்பிலேயே கண்டுபிடித்துவிட்டேன். இன்ஸ்பெக்டருக்கு மீசை ஒட்டவில்லை. பக்கத்து மேஜைக்காரர் இரண்டு தடவை போனில் பேசினார், ஸ்பாட் லைட் அடிக்க நீ இல்லை. முடிந்ததும் நடிகர்கள் மேஜை மேஜையாக வந்து வணக்கம் சொன்னார்கள். நீங்கள் எப்போது சாப்பிடுவீர்கள் என்று விதவையைக் கேட்டேன். எல்லாரும் கிளம்பிய பிறகு, பத்தரை மணிக்கு மேல் என்றாள். கரிகாலனிடம் போன பொருநன் கதை ஞாபகம் வந்தது. ராஜா ஊட்டி ஊட்டி, இரவும் பகலும் இறைச்சி தின்று, உழுது தேய்ந்த கொழுமுனை மாதிரிப் பல் மழுங்கிப்போனதாகச் சொல்வானே. அங்கே ஆடிப்பாடியவன் சாப்பிட்டான், ராஜா பார்த்துக்கொண்டிருந்தான். இங்கே நாங்கள் வயிறு நிறைய உட்கார்ந்திருந்தோம், அவள் அன்றைக்குச் சாப்பிட்டது அந்த ஒரு விள்ளல். ரொட்டியைப் பற்றி நான் பேசவில்லை. அவளும் பேசவில்லை. காலிக் கூடையை மட்டும் ஒரு பார்வை பார்த்தாள்.

வீட்டுக்காரி கோட்டை எடுக்கப் போன சமயத்தில், யாரும் பார்க்காமல் சமையலறைக் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தேன். அந்த விளக்கைப் போடுவது யார் என்று உனக்குச் சொல்ல வேண்டாமா? கதவுக்கு உள்ளே ஓரமாக ஒரு ஸ்டூல். இருபது வயசுகூட இருக்காத ஒரு பெண், காதில் ஹெட்போன், முன்னால் ஆணியில் மாட்டிய நாடகப் பிரதி, பக்கமெல்லாம் பென்சில் கோடுகள். மடியில் தட்டு. வலது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நாடகம் முடிந்து பத்து நிமிஷம் ஆகிவிட்டது, கூடம் காலி. இடது கை மட்டும் இன்னும் சுவிட்சின் மேலேயே இருந்தது.

முழங்காலைப் பற்றி எழுது.

உன்,
ப்ராம்ப்டர்