கடற்கரையைத் திறந்துவிடுங்கள், கோட்டைத் திடலைக் காத்திடுங்கள்

பெறுநர்: பினாங்குத் தீவு மாநகர் மன்றம், தேசியப் பாரம்பரியத் துறை

மதிப்பிற்குரிய மேயர் அவர்களுக்கும், மன்ற உறுப்பினர்களுக்கும், பாரம்பரியத் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

பினாங்கில் மெட்டல் டிடெக்டரைக் கையில் எடுத்துப் பொழுதுபோக்காகத் தேடத் தொடங்கும் ஒருவர், எந்த மண்ணில் தேடலாம், எதைத் தொடவே கூடாது, கிடைத்ததை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதைச் சொல்லும் ஒரு பக்க வழிகாட்டியை நீங்கள் இருவரும் சேர்ந்து வெளியிட வேண்டும் என்று கேட்டு இந்த மடலை எழுதுகிறேன். அது மலாய், தமிழ், சீனம், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளிலும் இருக்க வேண்டும். தடை கேட்டும் எழுதவில்லை, தட்டிக்கேட்க ஆளில்லாத சுதந்திரம் கேட்டும் எழுதவில்லை.

தொடக்கநிலைக் கருவி ஒன்றைச் சில நூறு ரிங்கிட்டுக்கு இணையக் கடைகளில் இன்று யாரும் வாங்கிவிடலாம். பெட்டிக்குள் வரும் கையேடு எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்று சொல்லும். நம் ஊர்ச் சட்டத்தைச் சொல்லாது. ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் இருக்கும் ஓர் இளைஞரோ, பணி ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியரோ கருவி கைக்கு வந்த முதல் வாரமே அதைச் சோதித்துப் பார்க்க ஒரு புல்வெளியைத் தேடுவார். இத்தீவில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட் காட்டை வெட்டுவோருக்கு ஆசை காட்டுவதற்காக வெள்ளிக் காசுகளைப் பீரங்கியில் இட்டுக் காட்டுக்குள் சுட்டார் என்ற கதையைக் கேட்காமல் இந்தத் தீவில் வளர்ந்தவர் குறைவு. ஆகவே அவருடைய கால்கள் பாடாங் கோத்தா லாமா திடலுக்கும் கார்ன்வாலிஸ் கோட்டையின் ஓரத்துக்கும் தாமாகவே போகும். அந்த நிலமோ 2008ஆம் ஆண்டு ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற ஜார்ஜ்டவுனின் நெஞ்சுப்பகுதி. அங்கே ஒரு சாண் ஆழத்துக்குக் குழி பறிப்பதுகூடக் குற்றமாகலாம் என்பதை, குழி பறிப்பதற்கு முன்பே அவருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டாமா?

சட்டம் இல்லாமல் இல்லை. பண்பாட்டு முக்கியத்துவம் உடையது என்று கருத இடமுள்ள பொருளைக் கண்டெடுப்பவர், அதைப் பாரம்பரிய ஆணையருக்கோ, அதிகாரம் பெற்ற அலுவலருக்கோ, அந்த வட்டாரத்தின் மாவட்ட அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டம் கூறுகிறது. அத்தகைய பொருள்களைத் தேடி அகழ்வதற்கு ஆணையரின் உரிமம் தேவை. உரிமையாளர் இன்னார் என்று அறிய முடியாத புதையலுக்குத் தனி விதிகள் உண்டு. நேற்றுக் கடலில் குளித்தவர் தொலைத்த மோதிரத்துக்கும் சட்டம் உண்டு: உரியவரைத் தேட முயலாமல் அதைத் தனதாக்கிக்கொள்வது தண்டனைச் சட்டத் தொகுப்பின் 403ஆம் பிரிவின் கீழ் குற்றமாகலாம். இவை வழக்கறிஞர்கள் புரட்டும் பக்கங்களிலேயே தங்கிவிட்டன. கருவி வாங்குபவரின் கைக்கு வந்து சேரவில்லை.

பாரம்பரிய நிலத்தை ஏன் எங்களிடமிருந்தே காக்க வேண்டும் என்பதற்குக் கருவியின் இயக்கமே சான்று. தேடுவளையத்தில் எழும் மாறும் காந்தப்புலம், மண்ணில் புதைந்த உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்த மின்னோட்டம் எழுப்பும் புலம் சற்றுப் பின்தங்கித் திரும்பும் அளவைக் கொண்டு, அடியில் இருப்பது இரும்பா வெள்ளியா என்று கருவி ஊகிக்கிறது. ஆணியும் கம்பியும் தொல்லை தருவதால், இரும்பின் ஒலியை அடக்கிவிடும் அமைப்பைத்தான் புதியவர்கள் முதலில் கற்றுக்கொள்கிறார்கள். இப்போது பினாங்கிலிருந்து வடக்கே கெடாவின் சுங்கை பத்துவை நினைத்துப் பாருங்கள். நம் கல்வெட்டுகள் கடாரம் என்று போற்றும் அந்த நிலத்தில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொல்லியலாளர்கள் தோண்டி வெளிக்கொணர்ந்தவை இரும்பு உருக்கிய உலைகளும், ஊதுகுழாய்களும், மலையாய்க் குவிந்த இரும்புக் கசடும். காசு தேடி வருபவரின் கருவி குப்பை என்று ஒதுக்கும் அந்தக் கசடுதான் அங்கே வரலாறு. 2013ஆம் ஆண்டு அதே வட்டாரத்தில் 11ஆம் எண் சண்டி என்ற பழங்காலக் கோயில் எச்சம் கட்டுமான வேலைக்காக இடிக்கப்பட்டபோது நாமெல்லாம் துடித்தோம். மண்வெட்டியும் ஒரு சிறிய புல்டோசர்தான்; காசை எடுத்துவிட்டு, அது எந்த அடுக்கில், எந்த ஓட்டுத்துண்டின் பக்கத்தில் கிடந்தது என்பதை அழித்துவிட்டால், பிறகு எந்த ஆய்வாளர் வந்தாலும் அதை மீட்டுத் தர முடியாது.

ஆகவே கோட்டையையும், திடலையும், பழைய கோயில் வளாகங்களையும், இடுகாடுகளையும் முழுவதுமாக மூடுங்கள். அதற்கு நான் முதல் ஆளாக உடன்படுகிறேன். ஆனால் கடற்கரையைத் திறந்துவிடுங்கள்.

மக்கள் நாள்தோறும் மிதித்துக் குளிக்கும் மணலில், அலை அன்றாடம் புரட்டிப்போடும் இடத்தில், தொல்லியல் அடுக்கு என்று சொல்ல அனேகமாக ஒன்றும் இல்லை. புதியவர் கற்றுக்கொள்ளவும் அதுவே நல்ல பள்ளிக்கூடம். நகரத்துக்குள் மின்வடங்களும் தொலைத்தொடர்புக் கோபுரங்களும் கருவியைக் காரணமில்லாமல் கத்த வைக்கும். கடற்கரையில் அந்தத் தொல்லை குறைவு. ஈர மணலில் உள்ள உப்பு மின்சாரத்தைக் கடத்துவதால் மலிவான ஒற்றை அலைவரிசைக் கருவிகள் அங்கே பொய்யொலி எழுப்பும். எனவே காய்ந்த மணலில் தொடங்குவது நல்லது. டின் பானத்தைத் திறக்கும் அலுமினிய வளையமும் மெல்லிய தங்க மோதிரமும் கருவித்திரையில் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்டும் என்பதால், மோதிரம் வேண்டுபவர் வளையங்களையெல்லாம் தோண்டியே ஆக வேண்டும். அப்படித் தோண்டியவர் அவற்றைத் தூண்டில் முட்களோடும் துருவேறிய ஆணிகளோடும் பையில் போட்டுக்கொண்டு போனால், குழந்தைகள் வெறுங்காலோடு ஓடும் மணல் சுத்தமாகும். குழியை மூடாமல் போகிறவருக்கு அபராதம் விதியுங்கள். எங்களில் ஒருவரும் அதை எதிர்க்கமாட்டோம்.

தஞ்சோங் பூங்கா கடற்கரையில் ஒரு மாலை, மருமகனின் திருமண மோதிரம் மணலில் விழுந்துவிட்டதென்று தவித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, என் கையிலிருந்த கருவியைப் பார்த்து ஓடி வந்தார். உதவி கேட்டவர் அடுத்த நொடியே குரலைத் தாழ்த்தி, "தம்பி, இத வச்சுத் தேடினா போலீஸ் ஒண்ணும் சொல்லமாட்டாங்களே?" என்றார். மோதிரம் அரை முழ ஆழத்தில், குழந்தை கட்டிய மணல்வீட்டின் அடியில் இருந்தது. அதை எடுத்துக் கொடுத்தேன். அவருடைய கேள்விக்குத்தான் துணிந்து பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதில் உங்களிடமிருந்து வரவேண்டியது.

வழிகாட்டியில் இன்னும் சில விலக்குகள் இடம்பெற வேண்டும். பினாங்கு தேசியப் பூங்காவின் பந்தாய் கெராச்சுட் ஆமைகள் முட்டையிடும் கரை. அங்கேயும், ஆமை ஏறும் வேறெந்தக் கரையிலும் மணலைக் கிளறக் கூடாது. 1941 டிசம்பரில் குண்டு விழுந்த ஊர் இது. ஜப்பான்காரன் காலத்து வெடிகுண்டு இன்னும் எங்கே கிடக்கிறதோ, யாருக்குத் தெரியும்? பெரிய இரும்பு ஒலி கேட்டு, மண்ணை விலக்கினால் உருளையாக ஏதாவது தெரிகிறதென்றால், கை வைக்காமல் விலகி நின்று 999ஐ அழைக்க வேண்டும் என்பதைத் தடித்த எழுத்தில் அச்சிடுங்கள்.

ஒப்படைக்கும் இடம் பற்றியும் ஒரு வேண்டுகோள். இங்கிலாந்திலும் வேல்சிலும் 1997 முதல் பொதுமக்கள் கண்டெடுத்த பொருள்களை வட்டார அலுவலர்கள் பார்த்து, கிடைத்த இடத்தோடு பதிவு செய்யும் திட்டம் நடந்துவருகிறது. பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அப்படிப் பதிவாகியுள்ளன. அங்குள்ள சட்டம் வேறு, நம் சட்டம் வேறு என்பதை அறிவேன். என்றாலும், களிம்பேறிய ஒரு பழங்காசு யாருக்காவது கிடைத்தால், அது 1919க்குப் பிறகு பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் புழங்கிய சாதாரணச் சதுர ஒரு சென் காசுதானா, அல்லது கிழக்கிந்தியக் கம்பெனி இந்தத் தீவுக்கென்றே அடித்த செம்புக் காசுகளைப் போல அரியது ஏதாவதா என்று பார்த்துச் சொல்ல, மாதம் ஒரு முறையாவது ஓர் அலுவலர் ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும். தண்டனை பயமில்லாமல் கொண்டுவரலாம் என்று தெரிந்தால் மக்கள் கொண்டுவருவார்கள். பயந்தால், வீட்டில் புளிபோட்டுத் தேய்த்து, எழுத்தை அழித்து, இணையத்தில் விற்றுவிடுவார்கள்.

வரைவைத் தயாரிக்க எங்களைப் போன்றோரின் கள அனுபவம் உதவும் என்றால், நீங்கள் அழைக்கும் நாளில், நீங்கள் சொல்லும் கடற்கரைக்கே வந்து கருவியை இயக்கிக் காட்ட ஆயத்தமாக இருக்கிறோம். அடுத்த நீண்ட பள்ளி விடுமுறைக்கு முன் அந்த ஒரு பக்கம் வெளிவருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தஞ்சோங் பூங்கா வட்டாரத்தைச் சேர்ந்த ஒரு தேடுநர்