வியாழன் மாலைகளில் வந்து பேசியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பேரன்புடையீர், வணக்கம்.

ஜூன் 30ஆம் தேதியோடு எங்கள் ரோட்டரி சங்கத்தின் செயலாளர் பொறுப்பிலிருந்து விடைபெறுகிறேன். ரோட்டரியில் ஆண்டுக்கணக்கு ஜூலை முதல் நாள் தொடங்கும். பதவியேற்பு விழாவில் புதியவர்களுக்கு மாலை விழும். பழையவர்கள் இரண்டு நிமிடம் நன்றி சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்குவது வழக்கம். எனக்கு அந்த இரண்டு நிமிடம் போதாது. ஓராண்டாக வியாழக்கிழமைதோறும் மாலை ஏழு மணிக்குக் கும்பகோணத்தில் எங்கள் கூட்டத்துக்கு வந்து பேசிய விருந்தினர்களில் ஒருவர்கூடச் சன்மானம் வாங்கவில்லை. பலர் பஸ் கட்டணத்தையும் வாங்க மறுத்துவிட்டார்கள். ஒரு பொன்னாடையும் ஒரு டம்ளர் காபியும் தவிர நாங்கள் எதையும் கொடுக்கவில்லை. அவர்கள் எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனதை ஊரறியச் சொல்ல வேண்டும் என்றுதான் இந்த மடல்.

முதல் வணக்கம் தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்த அலுவலருக்கு. ஜூலை 16 எங்கள் ஊருக்கு என்ன நாள் என்பதை வெளியூர்க்காரர்களும் அறிவார்கள். 2004இல் அந்த நாளில் பள்ளிக்கூடக் கீற்றுக் கொட்டகையில் பற்றிய தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. அந்த வாரத்தில் வேறொரு பொருளைப் பேசச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐயா, நீங்கள் அன்று நீண்ட உரை எதுவும் ஆற்றவில்லை. மைக்கை வாங்கியதும், "எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து எழுந்து வெளியே போங்கள்" என்றீர்கள். வருடக்கணக்காக நாங்கள் புழங்குகிற மண்டபம் அது. நாற்காலிகள் சாய்ந்தன. ஒருவர் சுவரில் முட்டிக்கொண்டார். பின்வரிசையில் இருந்தவர்கள் தடவித் தடவிப் பின்கதவுக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே மடக்கு நாற்காலிகள் அடுக்கியிருந்தன. அவற்றுக்குப் பின்னால் கதவு பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருந்தவர் வீட்டுக்குப் போய்விட்டார்.

நீங்கள் மேடையிலிருந்து இறங்கி வந்து அந்தப் பூட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்தீர்கள். ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த மௌனத்தில் நான் தலைகுனிந்து நின்றேன். அன்றிரவே மண்டப உரிமையாளர் ஆளை அனுப்பி நாற்காலிகளை அப்புறப்படுத்தினார். கூட்டம் நடக்கிற நேரத்தில் அந்தக் கதவு பூட்டப்படுவதில்லை. எங்கள் உறுப்பினர்கள் தத்தம் கடைகளிலும் திருமண மண்டபங்களிலும் பின்வாசலைப் போய்ப் பார்த்தார்கள். எத்தனை வாசல்கள் திறந்தன என்று கணக்கெடுக்க நான் விரும்பவில்லை. திறந்தன, அது போதும்.

அடுத்து, அரசு மருத்துவமனையிலிருந்து வந்து பாம்புக்கடியைப் பற்றிப் பேசிய மருத்துவருக்கு. டெல்டாவில் வயலில் கால் வைப்பவர் எவருக்கும் இது வேறெங்கோ நடக்கும் கதை இல்லை. எங்கள் உறுப்பினர்களில் ஒருவர் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கிறார். நீங்கள் கேட்டதும் அவர் தன் நண்பரின் கையிலிருந்து இரண்டு மில்லி ரத்தம் எடுத்தார். அதைச் சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் விட்டு மேசைமேல் நிறுத்தினீர்கள். "20 நிமிடம் இதை யாரும் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் பேசத் தொடங்கினீர்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்கையும் வரிசையாகச் சொன்னீர்கள். தரையில் படுத்துறங்குபவரைக் கட்டுவிரியன் கடித்தால் வலியே தெரியாமல் போகலாம், விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுவார், பிறகு இமை தாழும் என்றீர்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டாதே, கடிவாயைக் கீறாதே, வாயால் உறிஞ்சாதே, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து நேரே மருத்துவமனைக்குக் கொண்டுபோ, விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம் என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள்.

எங்கள் கண்ணெல்லாம் அந்தக் குழாயில்தான் இருந்தது. இருபதாவது நிமிடம் அதைச் சாய்த்துக் காட்டினீர்கள். ரத்தம் அடியில் உறைந்து அசையாமல் நின்றது. "கண்ணாடி விரியன் விஷம் ஏறியிருந்தால் இது இப்போது தண்ணீராக ஓடும்" என்றீர்கள். அறுபது பேர் இருந்த மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

டாக்டர், உங்களிடம் சேர்க்க வேண்டிய செய்தி ஒன்று என்னிடம் இருக்கிறது. தை மாதம் அறுவடையின்போது எங்கள் உறுப்பினர் ஒருவரின் வயலில் வேலை செய்த அம்மாவைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் மந்திரிப்பவரிடம் கூட்டிப்போகத்தான் எழுந்தார்கள். உங்கள் பேச்சைக் கேட்டிருந்த அந்த உறுப்பினர் விடவில்லை. காலை அசைக்காமல் கட்டிலோடு தூக்கி வண்டியில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அந்த அம்மா பிழைத்தார். "அந்த டாக்டர் யார் என்று தெரியாது, என் கும்பிடைச் சொல்லிவிடுங்கள்" என்று அவருடைய மகள் என்னிடம் கையெடுத்துச் சொன்னாள். சொல்லிவிட்டேன்.

கிராம சுகாதாரச் செவிலியர் அம்மாவைப் பேச அழைத்தபோது, "ரோட்டரியில் பேச எனக்கு என்ன தெரியும்?" என்று தயங்கினார்கள். போலியோ ஒழிப்பைத் தன் உலகப் பணியாக ரோட்டரி எடுத்துக்கொண்டது 1985இல். இந்தியாவில் கடைசியாகப் போலியோ கண்ட குழந்தை மேற்கு வங்கத்தின் ஹவுராவில், 2011 ஜனவரி 13 அன்று. 2014 மார்ச் 27இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசியப் பகுதியைப் போலியோ அற்றதாக அறிவித்தது. இந்தத் தேதிகளை எங்கள் மேடையில் பலமுறை பெருமையோடு சொல்லியிருக்கிறோம். ஆனால் அந்தச் சொட்டு மருந்தைத் தோளில் சுமந்து திரிந்தவர் ஒருவரை மேடையேற்ற எங்களுக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின.

அம்மா தடுப்பூசிப் பெட்டியோடு வந்திருந்தார்கள். உள்ளே பனிக்கட்டிப் பொதிகள். காலிக் குப்பி ஒன்றை எடுத்து, அதன் சீட்டில் இருந்த சிறிய வட்டத்தையும் அதற்குள் இருந்த சதுரத்தையும் காட்டினார்கள். சதுரம் வட்டத்தைவிட வெளுத்திருந்தால் மருந்து நல்லது. வெப்பம் பட்டு வட்டத்தின் நிறத்துக்கே கறுத்துவிட்டால் கொட்டிவிட வேண்டும். செங்கல் சூளையில் வேலை செய்யும் குடும்பங்கள் விடிவதற்கு முன்பே எழுந்துவிடும் என்பதால் முகாம் நாளில் ஐந்து மணிக்கே அங்கே போய் நிற்பதாகச் சொன்னார்கள். மருந்து கொடுத்த குழந்தையின் இடது கைச் சுண்டுவிரலில் மை வைப்பார்கள் அல்லவா? "அந்த மை இல்லாத விரல் ஒன்றைப் பார்த்தால் அன்று எனக்குச் சோறு இறங்காது" என்றார்கள். அம்மா, என் பதவிக் காலத்தில் நான் கேட்ட உரைகளில் இதற்கு மேல் ஒன்று இல்லை. ரோட்டரி தன் விதியைத் திருத்திப் பெண்களை உறுப்பினராக ஏற்றது 1989இல்தான். அந்த விதி மாறாதிருந்தால் உங்களை மேடைக்கு அழைக்கும் இடத்தில் நானும் இருந்திருக்க மாட்டேன். அதனாலும் அந்த மாலை என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

நாச்சியார்கோயில் விளக்குப் பட்டறை ஐயாவுக்கு என் நன்றி வேறு வகையானது. வேட்டித் துண்டில் பொதிந்து ஒரு குத்துவிளக்கைப் பகுதி பகுதியாகக் கொண்டுவந்தார். அடித்தட்டு, தண்டு, அகல், உச்சியில் அன்னம். மைக் பிடித்துப் பேசிப் பழக்கமில்லாதவர். முதல் ஐந்து நிமிடம் வார்த்தை வரவில்லை. பிறகு மைக்கைக் கீழே வைத்துவிட்டுத் தண்டை எடுத்து நகத்தால் தட்டினார். மணிபோல் ஒலித்தது. இன்னொன்றைத் தட்டினார்; சத்தம் அடைத்தாற்போல் வந்தது. "உள்ளே காற்று நின்றுவிட்டது, இதை மறுபடி உருக்க வேண்டியதுதான்" என்றார். எங்கள் கண்ணுக்கு இரண்டும் ஒரே பளபளப்பு. காவிரி வண்டலில் அச்செடுப்பதையும், அந்த மண் கிடைப்பது அரிதாகி வருவதையும் அதற்குப் பிறகு அவர் தடையில்லாமல் சொன்னார்.

அதையடுத்த மாதம் ஒரு வியாழன் கூட்டத்தை அவருடைய பட்டறையிலேயே நடத்தினோம். 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞரும், ஒரு நிலக்கரி வணிகரும், ஒரு சுரங்கப் பொறியாளரும், ஒரு தையல் தொழிலதிபரும் கூடியதுதான் ரோட்டரியின் முதல் கூட்டம். ஒவ்வொரு முறையும் ஒருவரின் பணியிடத்தில் சுழற்சியாகக் கூடியதால்தான் ரோட்டரி என்ற பெயரே வந்தது. நாச்சியார்கோயிலில் உலைச் சூட்டுக்குப் பக்கத்தில் பலகைகளில் உட்கார்ந்து கூட்டம் நடத்திய அன்றுதான் அந்தப் பெயரின் பொருள் எனக்கு முழுதாக விளங்கியது. வந்த அத்தனை பேருக்கும் மோர் கொடுத்த அவர் வீட்டு அம்மாவுக்கும் நன்றி.

ஒரு விருந்தினரிடம் மன்னிப்பும் கேட்க வேண்டும். நாற்பது ஆண்டுகள் தபால் சுமந்து ஓய்வுபெற்ற பெரியவர் அவர். பிறந்தநாள் வாழ்த்து, திருமணநாள் வாழ்த்து, திட்ட அறிக்கை, வசூல் விவரம் என்று எங்கள் அறிவிப்புகளே முக்கால் மணி நேரத்தைத் தின்றுவிட்டன. அவருக்கு மிஞ்சியது 8 நிமிடம். எழுதிக் கொண்டுவந்த தாள்களைப் பேசப் பேச மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஐயா, அந்தத் தாள்கள் என் கண்ணுக்குள்ளேயே நிற்கின்றன. மறுவாரத்திலிருந்து விருந்தினர் பேச்சை முதலில் வைத்தோம்; அறிவிப்புகள் கடைசிக்குப் போயின. மாற்றத்துக்குக் காரணம் நீங்கள். மீதியைச் சொல்ல நீங்கள் மீண்டும் வரவேண்டும்.

வாரந்தோறும் கூட வேண்டுமா என்ற கேள்வி எங்கள் சங்கத்திலும் எழுந்தது. 2016இல் ரோட்டரியே விதியைத் தளர்த்திவிட்டது. மாதம் இருமுறை கூடினால் போதும். பல சங்கங்கள் அப்படி மாறியும்விட்டன, அதில் தவறில்லை. ஆனால் எங்கள் சங்கம் வாரக் கூட்டத்தைக் கைவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இருவாரத்துக்கு ஒருமுறை என்றால் பெரிய பேச்சாளர்களைத்தான் தேடுவோம். வாராவாரம் ஒருவர் வேண்டும் என்றால்தான் தபால்காரர் நினைவுக்கு வருவார், விளக்குப் பட்டறை நினைவுக்கு வரும்.

மண்டபத்தை வாடகையில்லாமல் தந்த உரிமையாளருக்கு நன்றி. ஐப்பசி அடைமழையில் மின்சாரம் போன இரவில் தன் வீட்டு பேட்டரியைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்த ஒலிபெருக்கி அண்ணனுக்கு நன்றி. எத்தனை பேர் வருவார்கள் என்று நான் ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை. அப்படியும் ஒருவரையும் பசியோடு அனுப்பாத சமையல் அக்காவுக்கு, கிச்சடியின் மணம் இன்னும் நாவில் இருக்க, நன்றி. கூட்டம் முடிந்தும் அரை மணி நேரம் பேசிக்கொண்டே நிற்கும் எங்களுக்காக வாசலில் காத்திருந்த காவலர் தாத்தாவுக்கு நன்றி. பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்த கல்லூரி மாணவிகளுக்கும் நன்றி. அந்தக் குறிப்புகள் இல்லாவிட்டால் இந்த மடலில் பாதி இருந்திருக்காது.

பேச்சாளர்களின் முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதிய நோட்டுப் புத்தகத்தைப் புதிய செயலாளர் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டேன். அதில் முதல் பக்கத்தை அவர் ஏற்கெனவே நிரப்பிவிட்டார். ஜூலை முதல் வியாழனன்று பேச வருபவர் பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து மதகு திறந்து மூடியே முடி நரைத்தவர். மேட்டூர்த் தண்ணீர் நம் ஊர் வாய்க்கால்களுக்கு எப்படிப் பிரிந்து வருகிறது என்று சொல்லப் போகிறார். உறுப்பினர் அல்லாதவர்களும் வரலாம். மாலை ஏழு மணி. ஆறரைக்கே வாசல் திறந்திருக்கும், பின்கதவும்.

நன்றியுடன்,
பொறுப்பு நிறைவுறும் செயலாளர்,
கும்பகோணம்.