முதல்வர் அறைக்குப் போகும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

திங்கட்கிழமை நீ கல்லூரி முதல்வராகப் பொறுப்பேற்பதை அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அரசுக் கல்லூரி அலுவலகத்தில் 31 வருடம் குப்பை கொட்டி, ஏழு முதல்வர்களுக்குக் கோப்பு தூக்கியவனால் சும்மா இருக்க முடியவில்லை.

முதல்வர் பதவிக்கு என்ன தகுதி வேண்டும் என்று யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறையை எடுத்துப் பார்த்தேன். முனைவர் பட்டம், 15 வருட அனுபவம், 10 ஆய்வுக் கட்டுரை, 110 ஆராய்ச்சி மதிப்பெண். எல்லாம் உன்னிடம் இருக்கிறது. தணிக்கை ஆட்சேபணைக்குப் பதில் எழுதியிருக்கிறாயா, சம்பளப் பட்டியலைச் சரிபார்த்திருக்கிறாயா என்று யாரும் கேட்பதில்லை. வகுப்பில் கொடிகட்டிப் பறந்தவர்கள் அந்த நாற்காலியில் தடுமாறுவது இதனால்தான்.

எங்கள் முதல்வர் ஒருவர் இயற்பியல்காரர். அவர் பாடம் எடுத்தால் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் வந்து நிற்பார்கள். முதல்வரானதும் யாரையும் நம்பவில்லை. சாக்பீஸ் வாங்கவும் அவர் கையெழுத்து வேண்டும். மேஜையில் கோப்பு மலையாகக் குவிந்தது. அதற்கடியில் கிடந்த உதவித்தொகைப் பட்டியல் கடைசித் தேதியைத் தாண்டிவிட்டது. பணம் மறுவருடம்தான் வந்தது. அதற்குள் இரண்டு பிள்ளைகள் படிப்பை விட்டுவிட்டார்கள். பட்டியல் அங்கே கிடப்பது எனக்குத் தெரியும் பாப்பா. சொன்னால் எரிந்து விழுவாரே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அடுத்து பொறுப்பு முதல்வராக வந்த அம்மையார் தினமும் பதினொரு மணிக்கு என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்து, "எது நிக்குது?" என்பார். அவ்வளவுதான் கேள்வி. நாங்கள் உளறியதையும் கேட்டுக்கொள்வார். கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு செய்யும் நாக் குழு வந்தபோது அலுவலகத்தில் யாரும் ராத்திரி கண்விழிக்கவில்லை. சுவருக்கு வெள்ளை அடித்தோம், அது வேறு. ஒன்பதே மாதத்தில் நிரந்தர முதல்வர் வந்துவிட்டார். அந்த அம்மையார் தொடங்கிய வேலைகள் பாதியில் நின்றன.

உனக்கு 5 வருடம் இருக்கிறது. உன்னுடையது அரசு உதவி பெறும் தனியார் கல்லூரி. நிர்வாகத்தின் செயலர் ஒன்று சொல்வார், அரசின் கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகம் வேறொன்று கேட்கும். எதையும் வாய்வார்த்தையில் விடாமல் கோப்பில் எழுதி வை. அப்புறம், அரசு இல்லாமல் நிர்வாகமே சம்பளம் தரும் ஆசிரியர்களின் சம்பளப் பட்டியலை மேஜையில் தூங்க விடாதே. அவர்களுக்கு அந்தத் தொகையே குறைவு.

அம்மா முறுக்கு அனுப்பியிருக்கிறாள். முதலில் உங்கள் அலுவலகக் கண்காணிப்பாளருக்குக் கொடு.

அன்புடன்,
அப்பா