சங்கத்தின் ஆண்டறிக்கை: லேசர் வைத்தும் பார்வை தெளியவில்லையே?

தலைவர் ஐயாவுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். மாதக் கூட்டம், சர்க்கரைப் பரிசோதனை, நவம்பர் 14 நடைப்பயணம் எல்லாம் வழக்கம்போல நடந்தன, அவற்றை விரிக்கப் போவதில்லை.

இந்த ஆண்டு அதிகம் அடிபட்ட பேச்சு, சர்க்கரையால் கெட்டுப்போன விழித்திரைக்கு வைக்கிற லேசர்தான். "லேசர் வெச்சும் பார்வை தெளியலையே, அப்புறம் எதுக்கு வெச்சாங்க?" என்று கேட்காத ஆளில்லை. புரை ஆபரேஷன் மாதிரி கட்டைப் பிரித்ததும் பளிச்சென்று தெரிய வைக்கிற சிகிச்சை இல்லை இது; இருக்கிற பார்வை போகாமல் காப்பதுதான் இதன் வேலை. பல வருடச் சர்க்கரையில் விழித்திரையின் நுண் ரத்தக்குழாய்கள் அடைத்துப்போக, ஆக்சிஜன் போதாத விழித்திரை ஒரு புரதத்தைச் சுரக்கிறது, அது புதுக்குழாய்களை முளைக்க வைக்கிறது, அவையோ பலமில்லாதவை, உடைந்தால் கண்ணுக்குள் ரத்தம். ஓரப் பகுதியில் லேசரால் நூற்றுக்கணக்கில் சின்னச் சின்னச் சூடு வைத்தால், ஆக்சிஜனை அதிகம் தின்னும் ஒளியுணர் செல்கள் அங்கே குறைந்து, மிச்சமாகும் ஆக்சிஜன் விழித்திரையின் உள்ளடுக்குக்குக் கிடைக்கிறது, புதுக்குழாய்களும் வாடுகின்றன. அதன்பின் அளந்து பார்த்தால், ஆக்சிஜன் தேவை குறைந்துவிட்டதால் விழித்திரையில் ரத்த ஓட்டமும் முன்பைவிடக் குறைந்திருக்கும். கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் லேசர் வேலை செய்ததற்கு அடையாளமே அதுதான்.

1970களில் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வில், இப்படி லேசர் வைத்ததால் கடுமையான பார்வை இழப்பு பாதிக்கு மேல் குறைந்தது. ஓரப் பார்வையும் இரவுப் பார்வையும் கொஞ்சம் மங்கலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். ராத்திரியில் வண்டி ஓட்டுகிறவர்கள் டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கண்ணுக்கு ஆஞ்சியோ என்றதும் ஒரு உறுப்பினர் வீட்டில் "ஹார்ட்டிலும் அடைப்பா?" என்று அழுகையே ஆகிவிட்டது. இதயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கை நரம்பில் மஞ்சள் சாயம் ஏற்றி, அது விழித்திரைக் குழாய்களில் ஓடுவதைப் படமெடுக்கிறார்கள்; 1961-ல் இண்டியானாவில் இரண்டு மருத்துவ மாணவர்கள் வெளியிட்ட முறை. அன்றைக்குச் சிறுநீர் மஞ்சளாகப் போகும், பதற வேண்டாம். இப்போது சாயமே இல்லாமல், ஒளியாலேயே விழித்திரையை ஸ்கேன் செய்கிற ஓசிடி ஆஞ்சியோவும் வந்துவிட்டது. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்து, ரத்த அணுக்களின் அசைவை வைத்தே குழாய்களைக் காட்டிவிடும், அடைத்துப்போன இடமும் தெரியும். குழாய்களிலிருந்து கசிவது மட்டும் அதில் தெரியாது. அதனால் புது மெஷின் இருந்தும் சாயப் பரிசோதனை எழுதினால், உடனே காசு பிடுங்குகிறார்கள் என்று கிளம்பாதீர்கள்.

விழித்திரையின் நடுப்பகுதி வீங்கிப் போனால் இப்போது பெரும்பாலும், முன்பு சொன்ன புரதத்தை அடக்கும் மருந்தைக் கண்ணில் போடுகிற ஊசிதான். புதுக்குழாய்களுக்கும் ஊசி போடுகிறார்கள், ஆனால் பாதியில் விட்டுவிட்டால் லேசர் வைத்தவர்களைவிட ஊசி மட்டும் போட்டவர்களுக்கே ஆபத்து அதிகம். வரமுடியாத நிலை இருந்தால் அதை டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

முதல் லேசருக்குப் பிறகு நம்மில் சிலர் போகவேயில்லை. பயம் என்கிறார்கள், எனக்கு அப்படித் தெரியவில்லை. சொட்டு மருந்து விட்டுக் கண்பாப்பாவை விரித்தபின் வேலூர் ஆரணி ரோட்டுக் கண் ஆஸ்பத்திரியிலிருந்து குடியாத்தத்துக்கோ பேரணாம்பட்டுக்கோ தனியாகப் பஸ் ஏற முடியாது, துணைக்கு வருகிறவருக்கு ஒருநாள் கூலி போகும். ஆகவே துணைக்குப் போக விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்க வேண்டும், பஸ் செலவைச் சங்கமே ஏற்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். ஆட்சேபம் இருந்தால் இப்போதே சொல்லுங்கள், டீ வந்தபிறகு சொன்னால் மினிட்ஸில் ஏறாது.