நாய்க்குப் பயப்படும் பேரனுக்காக

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்தது பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்குக் கோவையிலேயே வேலை கிடைத்துவிட்டது.

பேரன் நாயைக் கண்டாலே அலறுகிறான், உளவியல் படித்தவள் நீதானே, சொல் என்று கேட்டிருந்தாய். யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

வியன்னாவில் குதிரைக்குப் பயந்து தெருவுக்கே வராத ஐந்து வயதுப் பையனைப் பற்றி 1909இல் ஃப்ராய்ட் எழுதினார்; ஆழ்மனத்தை ஆராய்ந்த மருத்துவர் அவர். அப்பா மேலுள்ள பயம்தான் குதிரை மேல் ஏறிக்கொண்டது என்பது அவர் முடிவு. வண்டிக் குதிரை ஒன்று தெருவில் விழுந்து கால்களை உதைத்ததை அந்தப் பையன் பார்த்திருந்தான். ஃப்ராய்ட் அதை ஒரு தூண்டுதலாக மட்டும் எடுத்துக்கொண்டார். எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

அமெரிக்காவில் உளவியலாளர்களான வாட்சனும் ரோசலி ரெய்னரும் 1920இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரெதிர். மனத்துக்குள் எதையும் தோண்ட வேண்டாம், பயம் பழக்கத்தில் வருவது என்றார்கள். பதினோரு மாதக் குழந்தை வெள்ளெலியைத் தொடப் போனபோது, பின்னாலிருந்து இரும்புக் கம்பியைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். சில தடவை இப்படி ஆனதும் எலியைப் பார்த்தாலே குழந்தை அழுதது. முயலுக்கும் நாய்க்கும்கூட மிரண்டது. அந்தப் பயத்தைப் போக்காமலே ஆய்வை முடித்துவிட்டார்கள். என்னால் அதை மன்னிக்க முடியவில்லை.

1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர் எழுதியதுதான் உனக்குத் தேவை. அவர் பார்த்த பீட்டர் என்ற பையனுக்கு மூன்று வயதுகூட நிரம்பவில்லை, முயல் என்றால் நடுங்குவான். அவன் பிடித்ததைச் சாப்பிடும்போது கூண்டிலிருந்த முயலைத் தள்ளி வைத்து, போகப் போகக் கிட்டே கொண்டுவந்தார். பயப்படாத பிள்ளைகளையும் அவனோடு விளையாட விட்டார். நடுவில் ஒரு பெரிய நாய் அவன் மேல் பாய வந்ததில் போன பயம் திரும்பியது. ஜோன்ஸ் சலிக்கவில்லை, மறுபடி ஆரம்பித்தார். கடைசியில் பீட்டர் தன் விரலை முயல் கொறிக்கவே விட்டான்.

பின்னால் வந்த ஆரன் பெக், நம் எண்ணங்களை ஆராய்ந்து குணப்படுத்தும் சிகிச்சையை உருவாக்கியவர். அவர் வழியினர், என்ன நடந்துவிடும் என்று நினைத்துப் பயப்படுகிறாய் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கும். பையனிடமே கேள். கடிக்கும் என்கிறானா, குரைக்கும் சத்தமா? சிரிக்காமல் கேட்டுக்கொள். ஃப்ராய்டிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் இதுதான்: குழந்தை சொல்வதை அற்பமாக நினைக்காமல் காது கொடுப்பது.

அப்புறம், கட்டிப்போட்ட சாதுவான நாய் ஒன்றைத் தெருமுனையில் நிற்கவைத்து, திண்ணையில் அவனுக்கு முறுக்கு கொடு. இழுத்துக்கொண்டுபோய்த் தொடவைக்காதே. “ஆம்பளைப் பிள்ளை பயப்படலாமா” என்று யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள். அவன் முகம் மாறினால் நாயைப் பின்னால் கொண்டுபோகச் சொல். எவ்வளவு தூரம் வரை வந்தது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
சுந்தரி