ஐந்து கிலோவாட் இன்வெர்ட்டர், கரண்ட் போனால் எத்தனை கிலோவாட்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பேப்பரில் சோலார் விளம்பரம் வராத நாளே இல்லை. அதே பேப்பரில் "நாளை மின்தடை" என்று ஊர்ப் பட்டியலும் வருகிறது. இரண்டையும் படிக்கிற எங்கள் பல்லடம் பக்கத்து ஆட்கள் பலர், மாடியில் பேனல் ஏற்றிவிட்டால் மாதாந்திர பராமரிப்பு நாளிலும் வீட்டில் எல்லாம் ஓடும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஓடாது. மானியத்தில் பெரும்பாலும் போடுவது பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடுகிற இன்வெர்ட்டர் (பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற பெட்டி), லைனில் கரண்ட் நின்றால் உச்சி வெயிலிலும் அதுவும் நின்றுவிடும். போஸ்ட்டில் ஏறி நிற்கிற லைன்மேன் மேல் நம் வீட்டுக் கரண்ட் பாய்ந்துவிடக் கூடாது என்று வைத்த பாதுகாப்பு அது, அதைக் குறை சொல்ல முடியாது. மத்திய அரசு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்குக் கிடைக்கிற 78,000 ரூபாயும் பேனல் கணக்கில் வருவதுதான், பேட்டரிக்கென்று அதில் எதுவும் இல்லை.

சரி, இது தெரிந்தவர்கள் கூடுதல் பணம் போட்டு, பேனல், பேட்டரி, லைன் மூன்றையும் வைத்து ஓடுகிற ஹைபிரிட் இன்வெர்ட்டர் வாங்குகிறார்கள். நான் எழுத வந்ததே அதைப் பற்றித்தான். மோட்டார் காயில் கட்டுகிற தொழில் எனக்கு. "புது இன்வெர்ட்டர் மாட்டினதிலிருந்து மோட்டார் எடுக்க மாட்டேங்குதுங்க, காயில் போயிருச்சாட்ட இருக்குது" என்று வருகிறவர்கள் இப்போது அதிகம். சிலர் ஆள் வைத்து, நூற்றுக்கணக்கான அடி குழாயைத் தூக்கி, மோட்டாரைக் கழற்றியே கொண்டுவந்துவிடுகிறார்கள். மெக்கர் (காயிலில் கரண்ட் கசிகிறதா என்று பார்க்கிற மீட்டர்) வைத்துப் பார்த்தால் காயில் கல்லுப்போல இருக்கிறது, குறை இன்வெர்ட்டர் பக்கம்தான். அந்த மெக்கரை மேலே கேபிள் முனையில் வைத்தே பார்த்திருக்கலாம், தூக்குகூலி மிச்சமாகியிருக்கும்.

ஹைபிரிட் என்று விற்பதில் இரண்டு சாதி இருக்கிறது. ஒன்று, உள்ளே ரிலே என்று தானாக மாறுகிற ஒரு சுவிட்ச் வைத்து இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம் என்று மாற்றிவிடுவது மட்டும் செய்யும். லோடு கொஞ்சமாக இருக்கிறவரை பேனலும் பேட்டரியும் வீட்டை ஓட்டும், அதன் சக்திக்கு மேல் போனாலோ பேட்டரி இறங்கினாலோ மொத்த வீட்டையும் மின்வாரியத்தின் தலையில் கட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடும். இதில் கலப்பதெல்லாம் கிடையாது. இன்னொன்று உண்மையிலேயே கலக்கிறது. வண்டியில் பூட்டின இரண்டு காளை மாதிரி, லைனில் வருகிற 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் அலையோடு தன் அலையையும் ஒரே அடியாக எடுத்துவைத்து, முதலில் பேனல், பற்றாததற்கு பேட்டரி, அதற்கும் மேல் வேண்டியதை லைன் என்று நொடிக்கு நொடி பங்கு பிரிக்கும். மீட்டரைத் தாண்டி மெயின் ஒயரில் சி.டி. என்று ஒரு வளையம் மாட்டுவார்கள், எவ்வளவு உள்ளே வருகிறது என்று அதுதான் இன்வெர்ட்டருக்குச் சொல்லும். அந்த வளையத்தில் ஒரு அம்புக்குறி இருக்கும். அதைத் திருப்பி மாட்டிவிட்டால் உள்ளே வருவதை வெளியே போவதாக எண்ணிக்கொண்டு கணக்கே தலைகீழாகிவிடும், மாட்டுகிற பையன்கள் அவசரத்தில் அதையும் செய்கிறார்கள்.

ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகம் ஓடிக்கொண்டே இருக்குமே, அப்போது பார்த்தால் இந்த இரண்டாவது சாதியின் அருமை தெரியும். பேனல் 4 கிலோவாட்டிலிருந்து ஒன்றுக்கு விழுந்து மறுபடி ஏறும், வீட்டில் ஒரு ஃபேன்கூட தடுமாறாது.

இப்போது ஒரு வீட்டின் காலை ஏழு மணியை எடுத்துக்கொள்ளுங்கள். கீசர் 2 கிலோவாட், இண்டக்சன் அடுப்பு 1.8, ஒன்றரை எச்.பி. போர் மோட்டார் இன்னொரு 1.8, கிரைண்டர், ஃபிரிட்ஜ், ஃபேன் எல்லாம் சேர்த்து அரை என்று வையுங்கள். மொத்தம் ஆறு கிலோவாட் வந்துவிட்டது. வாங்கியது 5 கிலோவாட் இன்வெர்ட்டர், ஆனாலும் எல்லாம் ஓடுகிறது, வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோசம். உள்ளே நடப்பது என்னவென்றால், இளவெயிலில் பேனல் கொடுப்பது அரை கிலோவாட்கூட இருக்காது. 51.2 வோல்ட், 100 ஆம்பியர் அவர், அதாவது சுமார் 5 யூனிட் பிடிக்கிற லித்தியம் பேட்டரியில் 50 ஆம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது என்று போட்டிருந்தால் அது தருவது இரண்டரை. மீதி மூன்றையும் மின்வாரியம்தான் கொடுக்கிறது, இன்வெர்ட்டர் அதைத் தன் வழியாகக் கடத்திவிடுகிறது, அவ்வளவுதான். லைன் போனதும் கையில் இருப்பது மூன்றுகூட இல்லை, கேட்பதோ ஆறு. ட்ரிப் ஆகாமல் என்ன செய்யும்?

மோட்டார் இன்னும் மோசம். ஓடும்போது ஒன்பது, பத்து ஆம்பியர் எடுக்கிற மோட்டார் கிளம்பும்போது நாலைந்து மடங்கு கேட்கும். லைன் இருந்தால் அந்த இழுப்பை டிரான்ஸ்பார்மர் தாங்கிக்கொள்ளும். பேட்டரியில் தனியாக நிற்கும்போது தாங்க ஆளில்லை. தண்ணீர் ஊற்றுகிற டியூபுலர் பேட்டரி நாலு வைத்த வீட்டில், முழு சார்ஜ் இருந்தும் அந்த நொடியில் வோல்டேஜ் சரிந்து "லோ பேட்டரி" என்று காட்டி அணைந்துவிடும். மூன்று பேஸ் மோட்டார் என்றால் ஒரு பேஸ் இன்வெர்ட்டரில் கேட்கவே வேண்டாம்.

தோட்டத்து வீடுகளில் வேறொரு கூத்து. சுற்றிலும் கிணத்து மோட்டார்கள் ஓடும் நேரத்தில் கடைசிக் கம்பத்து வீட்டுக்கு 180 வோல்ட்கூட வராது. லைன் சரியில்லை என்று இன்வெர்ட்டர் கழன்றுகொண்டு பேட்டரிக்குப் போய்விடும், கீசர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். 5 யூனிட் பேட்டரியை ஒரு கீசர் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் குடித்துவிடும், ராத்திரி ஃபேனுக்கு ஒன்றும் மிஞ்சாது. கீசரையும் அடுப்பையும் கரண்ட் போனாலும் இன்வெர்ட்டர் ஓட்டுகிற பேக்கப் லைனில் கொடுக்காமல் நேரே மெயினில் விடுவதுதான் சரி என்பது என் கருத்து. மோட்டாரைப் பதினொரு மணி வெயிலில் போட்டுத் தொட்டியை நிரப்பிக்கொண்டால் பெரிய பேட்டரி வாங்கவே தேவையில்லை.

விற்கிறவர்கள் கொட்டேசனில் ஒற்றை எண்ணைப் போட்டு "வீடு பூராவும் ஓடும்" என்று எழுதுவதை நிறுத்த வேண்டும். லைன் இருக்கும்போது எவ்வளவு கடத்தும், லைன் இல்லாதபோது எவ்வளவு கொடுக்கும், பேட்டரியிலிருந்து அதிகபட்சம் எத்தனை ஆம்பியர், கிளம்பும் இழுப்பை எத்தனை நொடி தாங்கும் என்று தனித்தனியாக எழுதித் தரட்டும். வாங்குகிறவர்களும், மாட்டி முடித்ததும் மெயினை இறக்கச் சொல்லி, சாயங்காலம் வெயில் சாய்ந்த பிறகு மோட்டாரைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மீதிப் பணத்தை அதுவரை கையிலேயே வைத்திருங்கள்.

இப்படிக்கு,
மோட்டார் காயில் கட்டும் வாசகர்,
பல்லடம்.