சத்திரத்து மேட்டில் இறங்கிய வைரஸ்

வண்டிப்பெரியாறு,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூன்று பக்கத்தில் இரண்டரைப் பக்கம் நிலம்தான். நம் ஊர்ப் பக்கத்துச் சத்திரத்தில் ஏர்போர்ட் வந்துவிட்டதாமே, பக்கத்தில் ஐம்பது சென்ட் கிடைத்தால் பேசி முடி, பணம் அனுப்புகிறேன் என்று எழுதியிருக்கிறாய். எவனோ ஒரு புரோக்கர் உனக்கு வீடியோ அனுப்பியிருக்கிறான் போல. கொஞ்சம் பொறு. இன்று காலையில் நானே ஒரு ஜீப்பைப் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

சத்திரம் உனக்கு மறந்திருக்காது. மகரஜோதி சமயத்தில் புல்மேடு வழியாகச் சபரிமலைக்கு நடக்கும் சாமிகளுக்கு அங்கேதானே நாம் சுக்குக் காப்பி விற்றோம்? விற்றதைவிட நீ குடித்தது அதிகம். அந்தச் சத்திரத்து மேட்டைத்தான் வெட்டி நிரவி ஓடுபாதை போட்டிருக்கிறார்கள். என்.சி.சி. பிள்ளைகள் விமானம் ஓட்டிப் பழகுவதற்கு. நீளம் 650 மீட்டர். அவ்வளவுதான். மதுரை ஓடுபாதை இரண்டேகால் கிலோமீட்டருக்கு மேல். விசிறி வைத்த ஏடிஆர் விமானம் இறங்கி ஏறவே இந்த நீளம் இரண்டு மடங்காவது வேண்டும். போதாததற்கு நம் மேட்டில் காற்று லேசு. காற்று லேசாக இருந்தால் இறக்கைக்குப் பிடிப்பு குறையும், ஓடவேண்டிய தூரம் கூடும். நீ துபாயில் ஏறுகிற விமானம் இங்கே இறங்க வேண்டுமென்றால் புல்மேட்டையும் சேர்த்து நிரவ வேண்டியிருக்கும்.

ஆனால் ஒன்று இறங்கியது, அது உண்மை. 2022 டிசம்பர் 1. இரண்டு பேர் மட்டும் உட்காரும் சின்ன விமானம், பெயர் வைரஸ் எஸ்.டபிள்யூ. கொரோனா ஓய்ந்த கையோடு இந்தப் பெயரில் ஒன்றா என்று டீக்கடையில் எல்லோரும் சிரித்தோம். அதற்கு முன்னால் இறக்கப் பார்த்தபோது ஓடுபாதைக்கு எதிரே நின்ற மண்மேடு குறுக்கே வந்து முடியாமல் போயிற்று. அந்த மேட்டை வெட்டுவதற்குள் ஜூலை மழை முந்திக்கொண்டு ஓடுபாதையின் ஓரத்தைச் சரித்துவிட்டது.

அந்தச் சரிவைத்தான் இன்று வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். மலையில் சமதளம் வேண்டுமென்றால் ஒரு பக்கம் வெட்டவேண்டும், வெட்டிய மண்ணை மறுபக்கம் கொட்டவேண்டும். வெட்டிய பக்கம் நிற்கும். கொட்டிய பக்கம் தண்ணீர் குடித்துக் குடித்து ஒரு நாள் இறங்கிவிடும். நம் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் கக்கூஸ் கட்ட மண் நிரப்பினார்களே, இரண்டாவது மழையில் என்ன ஆயிற்று? அதே கதைதான், அளவுதான் பெரிது. போகிற வழியில் காட்டெருமைச் சாணி, இன்னும் ஈரமாக இருந்தது. பெரியாறு புலிகள் காப்பகம் பக்கத்திலேயே இருப்பதால் வனத்துறைக்கும் இதில் சம்மதமில்லை. இதையெல்லாம் அந்தப் புரோக்கர் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான்.

எருமேலிப் பக்கம் செறுவள்ளி எஸ்டேட்டில் சபரிமலை விமான நிலையம் என்று ஒன்று பேசுகிறார்கள். அதற்கு 2023இல் இட அனுமதி கிடைத்தது, திட்டப்படி ஓடுபாதை 3,500 மீட்டர். அது வேறு, இது வேறு. உன் வீடியோவில் இரண்டையும் சேர்த்துக் குழப்பியிருப்பார்கள்.

உனக்கு மலைக்கு ஒரு விமான நிலையம் வேண்டும் என்ற ஆசை ஏன் என்று எனக்குத் தெரியாமலில்லை. உன் அப்பா தவறியபோது துபாயிலிருந்து கொச்சி நெடும்பாசேரிக்கு நாலு மணி நேரத்தில் வந்துவிட்டாய், அங்கிருந்து வண்டிப்பெரியாறு வந்து சேர ஆறு மணி நேரம். நீ வந்தபோது எடுத்துவிட்டோம். அந்தக் கோபம் உனக்கு இன்னும் தீரவில்லை. போன கார்த்திகையில் என் மச்சானுக்கு நெஞ்சுவலி வந்தது. இங்குள்ள ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுத் தேனிக்குக் கொண்டுபோ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சாமிமார் சீசன். கீழேயிருந்து வரும் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றி, குமுளி வழியாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். மலைப்பாதையில் ஒரு லாரி மூச்சுவிட முடியாமல் நின்றுவிட்டது. ஆம்புலன்ஸுக்குள் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். மச்சான் பிழைத்துக்கொண்டார். அந்த நேரத்தில் எனக்கும் ஹெலிகாப்டர் நினைப்புதான் வந்தது.

ஆனால் மூணாறுப் பக்கத்துப் பெட்டிமுடியை நினைத்துப் பார். 2020 ஆகஸ்ட் 6, ராத்திரி லயங்களோடு சேர்த்து மலை இறங்கியது. 70 உயிர். பெரும்பாலும் நம் தமிழ்ச் சனம், பலருக்குப் பூர்வீகம் கயத்தாறுப் பக்கம். விஷயம் வெளியே தெரியவே மறுநாள் காலை ஆகிவிட்டது. மழையில் வானமே மூடிக்கிடந்தது, ஹெலிகாப்டர் பறக்க வழியில்லை. ரோட்டை உடைக்கும் மழைதான் வானத்தையும் மூடும் மழை, மாப்ள. மறுநாள் சாயங்காலம், அதே மழையில், கோழிக்கோடு கரிப்பூரில் துபாய் விமானம் ஓடுபாதை தாண்டிச் சரிவில் விழுந்தது. அதுவும் மேட்டை வெட்டிப் போட்ட ஓடுபாதைதான். 21 பேர் போனார்கள். அங்கே செத்தவர் குடும்பத்துக்கு அரசாங்கம் 10 லட்சம் என்றது, பெட்டிமுடிக்கு 5 லட்சம். அன்று எங்கள் லயத்தில் யாரும் சாப்பிடவில்லை. பசி இல்லாமல் அல்ல.

அதனால் என்னைக் கேட்டால், முதலில் இந்த மலையிலேயே நெஞ்சைத் திறந்து பார்க்கிற ஆஸ்பத்திரி ஒன்று வேண்டும். அப்புறம் மழைக்கு நிற்கிற ரோடு. விமானம் அதற்கெல்லாம் பின்னால் வரட்டும்.

ஒரு வேடிக்கை தெரியுமா? இந்த மலையில் ஆளுக்கு முன்னால் பறந்தது தேயிலைப் பெட்டிதான். பத்தாவது படிக்கும்போது டாப் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்களே, அங்கே வாத்தியார் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? மூணாறிலிருந்து குண்டளை வழியாகச் சின்ன ரயிலில் பெட்டி வரும். டாப் ஸ்டேஷனில் கம்பிவடத்தில் தொங்கவிட்டால் பள்ளத்தாக்கைத் தாண்டி நேரே கொட்டகுடியில் இறங்கும், அங்கிருந்து மாட்டுவண்டியில் போடி. 1924 வெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போயிற்று. மலையாளத்தார் இன்னும் 'தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம்' என்றுதான் சொல்கிறார்கள், அவர்கள் கொல்லம் ஆண்டு 1099. பெட்டிக்கு வழி கண்டுபிடித்தவன், கொழுந்து கிள்ளியவளை நடக்கத்தான் விட்டான்.

சரி, வீட்டு விஷயம். மச்சான் பீடியை விட்டுவிட்டார், அக்கா சொல்கிறாள், நான் நம்பவில்லை. மிளகு இந்த வருஷம் மோசம். பெரியவளுக்கு உத்தமபாளையத்தில் மாப்பிள்ளை பார்க்கிறோம், தை பிறந்தால் தெரியும்.

நீ தையில் வருவதாக இருந்தால் நெடும்பாசேரிக்கு டிக்கெட் போடாதே. மதுரைக்கே துபாய் விமானம் இருக்கிறது. இறங்கி, தேனி, கம்பம், குமுளி என்று பஸ்ஸைப் பிடித்தால் பொழுது சாய்வதற்குள் வந்துவிடலாம். ரயில் ஆசை இருந்தால் 2023 ஜூனிலிருந்து போடி வரைக்கும் ஓடுகிறது. குமுளியில் ஜீப்போடு நிற்கிறேன். பேரீச்சம்பழம் வேண்டாம், மூட்டுவலித் தைலம் இரண்டு பாட்டில் கொண்டுவா, அக்கா கேட்டாள்.

அப்புறம், அந்த வீடியோவை எனக்கும் அனுப்பு. அதில் இறங்குகிற விமானம் எந்த ஊரில் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் பழைய காப்பிக்கடைக் கூட்டாளி